மேடம் கடை மீடியம்

வீட்டில் அவளை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆடை வடிவமைப்பு படித்து முடித்து, சான்றிதழைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்ற அன்று, "மேடம் வர்றாங்க, வழி விடுங்க" என்று அக்காவின் கணவர் ஒரு வார்த்தை சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு, "மேடம், அந்தக் குழாய மூடு", "மேடம், மாடியில துணி காஞ்சிருச்சா பாரு" என்று அந்த வீட்டில் பட்டமும் படிப்பும் நன்றாகவே புழங்கின.

படித்த படிப்புக்கு வேலையும் கிடைத்தது. ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனியில் டிசைனர். அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கிருந்தோ வரும் படத்தில் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறதோ, தைத்த சட்டையிலும் அந்தப் பக்கமே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் டிசைன். சில வருடங்கள் பொத்தானைப் பார்த்துப் பார்த்து, கனவிலும் பொத்தான் வர ஆரம்பித்த பிறகு வேலையை விட்டாள். அக்கா வீட்டு முன்னறையில் சொந்தமாகக் கடை போடப் போவதாகச் சொன்னாள்.

முன்னறை மாமாவுடையது. அக்காவின் கணவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அறையில் அதுவரை குடியிருந்தது அவருடைய உடற்பயிற்சி சைக்கிள். தொப்பையைக் குறைத்தே தீருவது என்று சபதம் செய்து வாங்கியது. வாங்கியதிலிருந்து அதன்மேல் ஏறியவை அவருடைய ஈரத் துண்டும் கழற்றிப் போட்ட சட்டையும் மட்டுமே.

"ஒரு வருஷம் தர்றேன்" என்றார் மாமா. "கடை காலூன்றி நின்னுச்சுன்னா இடம் உனக்குத்தான், நான் வாய் தொறக்க மாட்டேன். நிக்கலன்னா ஜெராக்ஸ்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார், அவருக்கு விட்டுடுவேன். அதுவரைக்கும் சைக்கிள் இங்கேயே இருக்கட்டும்."

"கடைக்குள்ள சைக்கிளா மாமா?"

"ஒரு அடையாளத்துக்கு."

யாருடைய இடம் என்பது மறந்துவிடக் கூடாதல்லவா. சைக்கிள் மூலையிலேயே நின்றது. அவள் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடினாள். இடம் போனால் மறுபடியும் பொத்தானிடம்தான் போய் நிற்க வேண்டும் என்று அந்த விரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும்.

மாமா இடத்தோடு நிற்கவில்லை, அறிவையும் தந்தார். தொழில்முனைவோருக்கான இலவசக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் ஒரு பேனாவும் துணிப்பையும் வாங்கி வந்தவர் அவர். பேனா எழுதாது. பை இன்றைக்கும் காய்கறிக்குப் போய் வருகிறது. அங்கே கேட்டதில் மிச்சம் இருந்ததையெல்லாம் மச்சினிக்கு இறக்கி வைத்தார்.

"தொலைநோக்கு வேணும். துணிச்சல் வேணும். எல்லாத்துக்கும் மேல ஒரு சின்னம் வேணும். சின்னத்தப் பார்த்ததும் ஜனங்க கடைய அடையாளம் கண்டுக்கணும்."

சின்னத்தை அவரே வரைந்தார். காற்றில் கூந்தல் பறக்கும் ஒரு பெண். ஜனங்கள் நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார்கள். முடி வெட்ட எவ்வளவு என்று கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள்.

துணி வாங்க வந்தவர்களும் உண்டு. வாசலில் நின்ற பொம்மையைப் பார்த்து மயங்கித்தான் உள்ளே வருவார்கள். பொம்மைக்குத் தலை கிடையாது, வயிறு கிடையாது, பிள்ளை பெற்றது கிடையாது, உட்கார்ந்து எழுந்தது கிடையாது. என்ன போட்டாலும் அதற்கு எடுப்பாக இருக்கும். வந்தவர்கள் அதே உடுப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார்கள். போகும்போது இருந்த முகம் திரும்பி வரும்போது இருக்காது. "கலர்தான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லி, மடிக்காமல் வைத்துவிட்டுப் போவார்கள். சிவப்புக்கும் அதுதான், நீலத்துக்கும் அதுதான். அவளும் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மேடம் அதிகம் பேசமாட்டாள். பேசத் தெரியாத கடைக்காரி என்று அக்காவே சொல்லுவாள். பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் இருக்கிறது. உடுப்பு மாற்றும் திரை தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றது. கீழே பாதங்கள் தெரியும். அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குதிகால் உயர்ந்தால் ஜிப்பு பாதியில் நிற்கிறது. ஒரு கால் மட்டும் தாங்கினால் கை அக்குளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பாதங்களும் அசையாமல் சேர்ந்து நின்றால், கண்ணாடியைப் பார்க்கிறார்கள்.

ஒருநாள் அடுத்த தெருவில் இருந்த காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். கவுண்டரில் உட்கார்பவள் என்பதால் தெருவே அவளைக் கவுண்டர் அக்கா என்றுதான் சொல்லும். குரல் கடைக்கு முன்னால் வந்துவிடும்.

"எனக்கு மீடியம் குடும்மா. எப்பவும் மீடியம்தான்."

திரைக்குக் கீழே குதிகால் உயர்ந்தது. இறங்கியது. மறுபடி உயர்ந்தது. "லார்ஜ் ஒண்ணு இருக்கா, சும்மா பார்க்கிறதுக்கு?" என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது கவுண்டர் அக்காவின் குரல் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். லார்ஜ் கச்சிதமாகப் பொருந்தியது. கவுண்டர் அக்கா வெளியே வந்து, கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு லேபிளை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கலர்தான் கொஞ்சம் ஒரு மாதிரி."

அன்று மாலை மேடம் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லா உடுப்பிலும் லேபிளைப் பிரித்தாள். எக்ஸ்எல் எல்லாம் லார்ஜ் ஆயிற்று. லார்ஜ் எல்லாம் மீடியம் ஆயிற்று. மீடியத்துக்கு ஸ்மால் என்று பெயர் வைத்தாள்.

வெட்டும் மேஜையில் இருந்த கட்டிங் மாஸ்டர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனியில் அவளோடு வேலை செய்தவர். சம்பளத்தை விட அவள் போடும் டீ நன்றாக இருக்கிறது என்று கூடவே வந்துவிட்டவர்.

"எழுத்த மாத்தினா உடம்பு மாறுமா?"

"உடம்பு மாற வேண்டாம் மாஸ்டர். மூஞ்சி மாறினாப் போதும்."

"பொய்ம்மா இது."

"உங்க இடுப்பு எத்தனை மாஸ்டர்?"

மாஸ்டர் கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டின் அளவைச் சொன்னார். இன்றைக்கும் அதே அளவுதான் என்றார். உண்மைதான். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டினால் யாருக்கும் அதே அளவுதான். அவள் லேபிளைத் தைத்தாள். மாஸ்டரும் அதற்கப்புறம் பொய்யைப் பற்றிப் பேசவில்லை.

கவுண்டர் அக்கா மறுபடி வந்தாள். அதே உடுப்பு, அதே நிறம். திரைக்குக் கீழே பாதங்கள் அசையாமல் நின்றன. வெளியே வந்தபோது வாயெல்லாம் பல். "நான்தான் சொன்னேன்ல, எனக்கு எப்பவும் மீடியம்தான். அன்னைக்கி தையல்ல ஏதோ கோளாறு" என்றாள். நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்குப் பிறகு கடைக்குக் கூட்டம் வந்தது. வேறு கடைகளில் லார்ஜ் என்று சொல்லி அவமானப்படுத்தப்பட்டவர்கள் எல்லாம் இங்கே வந்து மீடியம் ஆனார்கள். அலுவலகத்திலிருந்து ஒருத்தி மற்றொருத்தியைக் கூட்டி வந்தாள். அவளுடைய சொந்த அக்காவே ஒரு மீடியத்தை மாட்டிக்கொண்டு, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி கழுத்தைக் குனிந்து குனிந்து தெருவில் எல்லோரிடமும் பேசினாள். "கூடப் பிறந்தவ கையால தைச்சுப் போட்டா உடம்பே இளைக்குது" என்றாள். துணி நன்றாக இருக்கிறது, தையல் உறுதியாக இருக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அவை முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தன.

"சின்னம் வேலை செய்யுது பார்த்தியா" என்றார் மாமா.

வருடம் முடியும் சமயம் பெரிய வேலை ஒன்று வந்தது. காப்பீட்டு அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. திறப்பு நாளில் பெண் ஊழியர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கோட்டு போட்டு நிற்க வேண்டும். நன்றாக அமைந்தால் மற்றக் கிளைகளுக்கும் இங்கேதான் தைப்பார்களாம். சொன்னது அலுவலகத்தின் மேலாளர் அம்மா. நெட்டுக்குத்தாக நிற்பாள், சிரிக்கமாட்டாள்.

"இதச் செஞ்சு காட்டு" என்றார் மாமா. "இடம் உனக்கு. இல்லன்னா நான் ஜெராக்ஸ்காரருக்குப் பதில் சொல்லணும். எத்தனை நாள்தான் மனுஷன இழுத்தடிக்கிறது?"

ஒவ்வொருவருக்கும் அளவெடுக்க வருகிறேன் என்று அவள் கேட்டதற்கு மேலாளர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வேலை நேரத்துல டேப்பும் கையுமா நின்னா கவுண்டர யார் பாக்குறது? எல்லாருக்கும் அவங்கவங்க சைஸ் தெரியும். போன்ல அனுப்பச் சொல்றேன்."

அனுப்பினார்கள். ஸ்மால், மீடியம், மீடியம், ஸ்மால், மீடியம். ஓர் அலுவலகம் முழுக்க இப்படி இளைத்த பெண்களாகவே சேர்த்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பொய்யை ஊர் முழுக்க நம்பிவிட்டால், கடைசியாக நம்புகிறவள் அதைச் சொன்னவள்தான். தன் கையால் லேபிளைப் பிரித்ததே அவளுக்கு மறந்து போயிருந்தது. அவளே தன் கடை ஸ்மாலைப் போட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மாஸ்டர் துணியை விரித்து, சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இது நம்ம மீடியமா, ஊர் மீடியமா?"

அந்த நேரம் பார்த்து மாமா சின்னத்தோடு வந்து நின்றார். கோட்டின் முதுகில் கூந்தல் பறக்க வேண்டுமாம். வேண்டாம் என்று அவரிடம் சொல்லுவதற்கே அவளுக்கு மூச்சு முட்டியது.

"மீடியம்னா மீடியம்தான் மாஸ்டர். கம்பெனி சைஸ் சார்ட்டப் பார்த்து முறையா வெட்டுங்க. பெரிய ஆர்டர்."

மாஸ்டர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முறையாக வெட்டச் சொல்லி நெடுநாள் கழித்து ஒருத்தி வாய் திறந்திருக்கிறாள். அவருக்கு அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது. விசில் அடித்துக்கொண்டே வெட்டினார்.

கோட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு அவள் அலுவலகத்தின் சாப்பாட்டு அறைக்குப் போனாள். மேஜைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். மேலாளர் அம்மா கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆளுக்கொரு கோட்டை வாங்கி மாட்டினார்கள். கொஞ்ச நேரம் துணி உரசும் சத்தம்தான்.

கைகள் நுழைந்தன. முதுகு பிடித்தது. முன்பக்கம் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இடைவெளி. ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, விடாமல் நின்றாள், கண் சிவந்தது. வேறு கடைகளில் வாங்குகிற இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கோட்டு அளவாக உட்கார்ந்திருந்தது. அவர்கள் மற்றவர்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்னக்கா, இந்தக் கோட்டு மட்டும் துவைச்ச மாதிரி சுருங்கிப் போச்சா?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

கவுண்டர் அக்கா திரும்பினாள். முகம் கறுத்திருந்தது. அறை முழுக்கக் கேட்கும் குரல் இப்போது பாதியாக இருந்தது.

"நீயே சொல்லும்மா. உன் கடையில நான் மீடியம்தானே?"

மேடத்துக்கு மறந்து போனது அவ்வளவும் அந்த நொடியில் ஞாபகம் வந்தது. கத்தரி, பிரித்த லேபிள், மாஸ்டரின் கேள்வி.

உண்மையைச் சொல்லலாம். நீங்கள் யாரும் மீடியம் இல்லை, நான் எழுத்தை மாற்றி வைத்தேன் என்றால், தைத்ததில் தப்பில்லை என்று ஆகும். ஆனால் இந்த அறையில் இருக்கிற ஒருத்திகூட இனிமேல் கடை வாசலை மிதிக்கமாட்டாள். தைத்ததில் தப்பு என்றால் வேலை தெரியாதவள் என்று ஆகும்; கிளை ஆர்டர் போகும், இடம் போகும், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் வந்து உட்காரும். மாமாவின் கருத்தரங்கில் இதற்கு ஒரு பாயிண்ட்டும் சொல்லித் தரவில்லை.

அவள் கவுண்டர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் பாதங்களைப் பார்த்தாள். அறை முழுக்கக் கட்டை விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"நீங்க மீடியம்தான்க்கா" என்றாள். "நான்தான் வெட்டினதுல தப்பு பண்ணிட்டேன். கோட்டுன்னா உள்ள ஒரு சட்டை போட்டிருப்பாங்கன்னு யோசிக்காம வெட்டிட்டேன். பூரா என் தப்பு. சரி பண்ணித் தர்றேன்."

"இது கூடவா தெரியாது?" என்றாள் மேலாளர் அம்மா. "டிசைனர்னு போர்டு மட்டும் பெருசா மாட்டியிருக்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சப்படுகிறவளுக்கு அது ஒன்றும் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

ஆனால் அறையில் மூச்சு திரும்பி வந்தது. தங்கள் உடம்பு தங்களுக்குத் தெரியாதவர்களா என்ன? தினமும் குளிக்கிறவர்கள்தானே. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததை நாலு பேர் முன்னால் இவள் சொல்லாமல் விட்டாள் என்பதும் தெரிந்தது.

"விடுங்க மேடம்" என்றாள் கவுண்டர் அக்கா மேலாளரிடம். குரல் முழுதாகத் திரும்பியிருந்தது. "தப்பு யாருக்குத்தான் வராது? நம்ம ஆபீஸ்ல வராததா? சரி பண்ணித் தர்றேங்குது பொண்ணு."

"பாவம், சின்னப் பொண்ணு" என்றாள் இன்னொருத்தி, பொத்தானைக் கழற்றி மூச்சை வெளியே விட்டபடி.

மேலாளர் அம்மா அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். தொலைந்தோம் என்று மேடம் நின்றாள். அந்த அம்மா மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த தன் கோட்டை எடுத்தாள். போட்டுப் பார்த்த கசங்கல் அதில் இருந்தது. லேபிளில் ஸ்மால்.

"இதுலயும்..." என்று நிறுத்தினாள். "அதே தப்புதானா?"

"அதே தப்புதான் மேடம். ஒரே நாள்ல வெட்டினது."

"ம். பெரிய தப்பு ஒண்ணுமில்ல. சீக்கிரம் சரி பண்ணிடு." வாழ்க்கையில் முதல் தடவையாக மேலாளர் அம்மா சிரித்தாள். "அளவு எடுக்கணும்னா இங்கேயே எடுத்துக்க. மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா உள்ள அனுப்புறேன். கதவு சாத்தியே இருக்கட்டும்."

அளவெடுத்தாள். எண்ணை வாயால் சொல்லாமல், டேப்பின் எண்ணுள்ள பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்து எடுத்தாள். ஒரு பெண்ணும் எவ்வளவு என்று கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பி மாஸ்டர் முன்னால் கோட்டுகளைக் கொட்டினாள். "நான் கேட்டேன்ல?" என்றார் அவர்.

"கேட்டீங்க. விசிலும் அடிச்சீங்க."

பிரித்து விடலாம் என்றால் தையலுக்குள் விட்டிருந்த துணி விரல் அகலம்கூட இல்லை. முறையாக வெட்டியதன் பலன். கடைசியில் இருவரும் அக்குளிலிருந்து அடிவரை கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிளந்தார்கள். நடுவில் அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை வைத்து மூட்டினார்கள். ஆளுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அகலம். அடர்ந்த நிறம் என்பதால் அகலம் கண்ணுக்குத் தெரியவில்லை; இடுப்பு உள்ளே போன மாதிரி இருந்தது.

திறப்பு நாளில் ஊரே கோட்டைப் பற்றித்தான் பேசியது. முதலிலேயே அளவாக இருந்த கோட்டுக்காரிகள் கொதித்துப் போனார்கள். "அவங்களுக்கு மட்டும் பட்டை வச்ச டிசைன், எங்களுக்கு வெறும் கோட்டா?" என்று கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். நன்றாக இருந்த கோட்டைக் கிழித்து, பட்டை வைத்து, அந்தப் பட்டையின் அளவுக்கு உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மற்றக் கிளைகளும் பட்டை வைத்த கோட்டுதான் வேண்டும் என்றன.

"அந்தப் பட்டை என் சின்னத்துலேருந்து வந்தது" என்று மாமா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். "பறக்குற முடிய அப்படியே பக்கவாட்டுல இறக்கியிருக்கா."

கடை காலூன்றி நின்றுவிட்டது. மாமாதான் இடம் உனக்கு என்று இன்னும் சொல்லவில்லை. கேட்டால் "பார்ப்போம், பார்ப்போம்" என்பார். ஜெராக்ஸ்காரர் வந்து அறையை அளந்து பார்த்துவிட்டும் போனார். அப்போதுதான் ஒரு கூட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆடை வடிவமைப்பாளர்கள் தொழிலில் வெற்றி பெறுவது எப்படி என்று பேச வேண்டும். அழைப்பு வந்தது மாமாவுக்குத்தான். ஒரு வடிவமைப்பாளரை உருவாக்கியவர் என்ற முறையில்.

"மேடம், எனக்கும் ஒரு கோட்டு தைச்சுடு. பட்டை வச்சது."

அவள் டேப்பை எடுத்தாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து அளவெடுத்தாள். மாமா மூச்சை உள்ளே இழுத்தார். அவள் பொறுமையாக, அவர் மூச்சை விடும்வரை காத்திருந்து டேப்பைப் பிடித்தாள். மாஸ்டர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே மூன்று மடங்கு பட்டை வெட்டினார்.

கோட்டைப் போட்டு மாமா கண்ணாடி முன்னால் நின்றார். பொத்தான் போட்டார். போட்டு, மூச்சும் விட்டார். பொத்தான் அப்படியே இருந்தது. கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு லேபிளை இழுத்துப் பார்த்தார்.

"மீடியமா?"

"மீடியம்தான் மாமா."

"சரியாப் பார்த்தியா?"

"அளவெடுத்துத்தானே தைச்சேன்."

மாமா பக்கவாட்டில் திரும்பி ஒரு தடவை பார்த்தார். மறுபக்கம் திரும்பினார். உள்ளே பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. நான்தான் சொன்னேன்ல, சும்மா நடந்தாலே போதும்னு? இனிமே எனக்கு எதுக்கு அந்த சைக்கிள்? இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. பழைய இரும்புக்காரர் வந்தா தூக்கிக் குடுத்துடு. மேடம், அந்த மூலையில ஒரு கண்ணாடி மாட்டிக்க. உன் கடை, நீதான் யோசிக்கணும். எல்லாத்தையும் நானேவா சொல்லிட்டிருக்கிறது?"

கூட்டத்தில் மாமா தொலைநோக்கைப் பற்றிப் பேசினார். துணிச்சலைப் பற்றிப் பேசினார். சின்னத்தைப் பற்றி மிக விரிவாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் எழுந்து, "வர்றவங்களுக்கு எப்படிங்க பொருத்தமாத் தைக்கிறது? அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் தையல்காரங்க வேலைம்மா. நாம மேல யோசிக்கணும்" என்று மாமா கையை உயரத் தூக்கிக் காட்டினார்.

கடைசி வரிசையில் மேடம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை மேலே போனதில் அக்குள் பக்கம் பட்டை விரிந்து கொடுத்தது. தையல் பிரியவில்லை.